கை ரோஸ் கலர் ஆகுறதுக்கு முன்னாடி

1/ லஞ்ச ஒழிப்புத் துறை எப்படி ஆளைப் பிடிக்கிறாங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ரூபாய் நோட்டுல பினாப்தலின் பவுடர் தடவிக் கொடுப்பாங்க. வாங்கினவர் கையை சோடியம் கார்பனேட் கரைசல்ல முக்கினா ரோஸ் கலரா மாறிடும். இதே பினாப்தலின்தான் ஒரு காலத்துல மலச்சிக்கல் மாத்திரையாவும் இருந்துச்சு!

2/ டாக்டர் கண்ணோட பார்த்தா, கை ரோஸ் ஆகுறது நோயோட கடைசி ஸ்டேஜ். அரசு ஆபீஸ்ல தப்பு பணத்துல ஆரம்பிக்கிறதில்ல. ரொம்ப முன்னாடியே அறிகுறி தெரியும். மாங்காட்டுல என் கிளினிக்குக்கு பட்டாவுக்கும் பிளான் அப்ரூவலுக்கும் அலையுறவங்களும் வர்றாங்க, அந்த மாதிரி ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களும் வர்றாங்க. ரெண்டு பேருக்கும்தான் இந்த த்ரெட்.

3/ 2018 டிசம்பர், சாத்தூர் அரசு மருத்துவமனை. ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏத்தினாங்க. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதுல எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் ஒரு இளைஞர். 2016-ல அவர் கொடுத்த ரத்தத்துலயே எச்.ஐ.வி. தெரிஞ்சிருக்கு. ஆனா அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவே இல்ல.

4/ எப்படி வெளியே வந்துச்சு தெரியுமா? வெளிநாட்டு வேலைக்காக அந்த இளைஞர் டெஸ்ட் எடுத்தார். விஷயம் தெரிஞ்சதும் அவரே போய் மருத்துவமனையில சொன்னார். அதுக்குள்ள ரத்தம் ஏத்தியாச்சு. அந்த மாசம் முடியுறதுக்குள்ள அவர் இறந்தும் போயிட்டார். இந்த மொத்தக் கதையிலயும் தானா முன்வந்து உண்மையைச் சொன்னது அவர்தான்.

5/ நம்ம நாட்டுல தானம் வர்ற ஒவ்வொரு ரத்தத்துக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியான்னு அஞ்சு டெஸ்ட் கட்டாயம். விதி இருந்தது, ரெஜிஸ்டர் இருந்தது. இது லஞ்சக் கேஸ் கிடையாது. பேப்பர் ஒரு பக்கம், நிஜம் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நின்னுச்சு, அவ்வளவுதான். ஒரு பொண்ணோட வாழ்க்கை அந்த இடைவெளியில விழுந்துடுச்சு.

6/ அதனால அறிகுறி ஒண்ணு: ரொம்ப அழகா இருக்கிற ரெஜிஸ்டர்.
தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். காலையிலயும் சாயங்காலமும் பார்த்து எழுதணும். மாசம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் 4 டிகிரின்னு இருந்தா அது பார்த்து எழுதினது இல்ல. 2023 மிக்ஜாம் புயல்ல நம்ம பக்கம் பல ஏரியாவுல நாள் கணக்கா கரண்ட் இல்ல. அந்த நாளுக்கும் ஒரு சார்ட்ல 4 டிகிரின்னே இருந்தா என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க.

7/ அறிகுறி ரெண்டு: பேர் மாறுறது.
லஞ்சம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "டீ செலவு", "கவனிச்சுக்கோங்க", "மாமூல்", "குழந்தை பிறந்த சந்தோஷத்துக்கு". ஒரு விஷயத்தை அதோட சொந்தப் பேரால கூப்பிட அந்த ஆபீஸே கூச்சப்படுதுன்னா, அது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும்னுதான் அர்த்தம்.

8/ அறிகுறி மூணு: சம்பளப் பட்டியல்ல இல்லாத ஆள்.
உள்ளே சேர் போட்டு உட்கார்ந்து ஃபைல் புரட்டுவார். யாருன்னு கேட்டா "நம்ம ஆள்தான்". இதோட இன்னொரு வடிவமும் உண்டு: வருஷக்கணக்கா லீவே போடாத ஊழியர். எல்லாரும் நேர்மைன்னு நினைப்போம். பல பேர் நிஜமாவே உழைப்பாளிங்கதான். ஆனா அவர் ஒருநாள் வரலைன்னா பீரோ திறக்காது, ஃபைல் கிடைக்காதுன்னா ஆடிட்டர் அங்கேதான் முதல்ல பார்ப்பார்.

9/ அறிகுறி நாலு. என்னைக் கேட்டா இதுதான் முக்கியம்: கேள்வி கேட்டவருக்கு என்ன நடக்குது?
புதுசா சேர்ந்தவங்க "ஏன் சார் இப்படி?"னு கேட்கிறாங்க. பதில் வந்தா ஆபீஸ் ஆரோக்கியமா இருக்கு. "புதுசுல்ல, போகப் போகப் பழகிடும்"னு சிரிச்சா, உடம்புல வலி உணர்ச்சியே போயிடுச்சுன்னு அர்த்தம். சர்க்கரை நோயாளிக்கு கால்ல ஆணி குத்தினாலும் தெரியாதில்ல, அதே நிலைமை.

10/ அனுமதி வாங்கி, அடையாளம் மாத்தி எழுதுறேன். ஒரு இளம் பெண், முதல் போஸ்டிங். படபடப்பு, தூக்கம் இல்ல. ஈசிஜி நார்மல், தைராய்டு நார்மல். "ஆபீஸ்ல எதுவும் பிரச்சினையாம்மா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "போகாத இடத்துக்குப் போய்ப் பார்த்ததா, முன்தேதி போட்டுக் கையெழுத்து போடச் சொல்றாங்க டாக்டர். பணம் எல்லாம் கேட்கல. ஒரு கையெழுத்துதான்னு சொல்றாங்க"ன்னாங்க.

11/ அந்தப் படபடப்புக்கு நான் மாத்திரை எழுதல. அது நோய் இல்ல, அலாரம். ஒரு தகவல் மட்டும் சொன்னேன். டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்குல 2013 அக்டோபர் 31-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு: அதிகாரிங்க வாய்மொழி உத்தரவை மட்டும் நம்பிச் செயல்படக் கூடாது, அதைப் பதிவு பண்ணணும்.

12/ அவங்க சண்டை போடல. "சார், இதை எழுத்துல கொடுத்துடுங்க, செஞ்சிடுறேன்"னு கேட்டாங்க. எழுத்து வரவே இல்ல. மூணு மாசத்துல டிரான்ஸ்ஃபர் மட்டும் வந்துச்சு. இப்போ ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறாங்க. எல்லாம் சுபம்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் வந்துடுச்சு. போன தடவை சளிக்குத்தான் வந்தாங்க.

13/ கவுன்டருக்கு வெளியே நிக்கிற நமக்கு:
• "எந்த விதிப்படி சார்? ரசீது கிடைக்குமா?" சத்தம் போடாம இதை மட்டும் கேளுங்க.
• மனு கொடுத்தா ஒப்புகை வாங்குங்க. நகர்வு இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கு, பொதுவா 30 நாள்ல பதில் தரணும்.
• 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கிறதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா 7 நாளுக்குள்ள புகார் பண்ணணும். கொடுக்கிறதுக்கு முன்னாடியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போறது இன்னும் நல்லது.

14/ உள்ளே இருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பார்க்காததுக்கு "பார்த்தேன்"னு கையெழுத்து போடாதீங்க. முதல் தடவை கை நடுங்கும். அது நல்ல நடுக்கம், அதுக்கு மருந்து தேடாதீங்க. பத்தாவது தடவை நடுங்கலைன்னா, அப்பதான் நீங்க டாக்டரைப் பார்க்கணும்.

அரசு வேலைக்குப் புதுசா சேர்ந்த யாராவது உங்க வீட்டுல இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க.