ராத்தாவின் சோறு

எமது பிரதேசத்தில் உணவுக்கு இன்னொரு பெயர் சோறு. "சாப்பிட்டீங்களா" என்று எவரும் கேட்பதில்லை. "சோறு தின்டாச்சா" என்றுதான் கேட்பார்கள். காலையில் புட்டும் மாலையில் பாணும் வயிறு நிறையத் தின்றவன்கூட, பகலில் சோறு கிடைக்காவிட்டால் "இன்டைக்கு ஒண்டும் தின்னல்ல" என்பான். வயலை நம்பி வாழும் ஊரில் இது இயல்புதான். வீட்டுக்கு வந்தவருக்கு எத்தனை அகப்பை போட்டோம் என்பதே அவர்மீது நாம் வைத்திருக்கும் மரியாதையின் அளவு. வயிற்றை மூன்றாகப் பங்கிடச் சொல்லும் நபிமொழியை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்துதான், விருந்தாளியின் பீங்கானில் மூன்றாவது அகப்பையையும் போடுகிறோம்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றிய ஒருவரை இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எப்படி உபசரிப்பது? மூன்று வருடங்களாக எங்கள் குடும்பம் இந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறது.

என் மூத்த ராத்தாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோவு எல்லாம் இருந்தன. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். உடம்பைக் குறைக்க அவர் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் கட்டாரில் இருக்கும் மகன் பணம் அனுப்ப, கொழும்பில் தனியார் வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சை நடந்தது. இம்முறையில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கமாக ஏறத்தாழ 80 வீதத்தை அகற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஓர் ஒடுங்கிய குழாய். பசியைத் தூண்டும் கிறெலின் என்னும் ஓமோன் பெரும்பாலும் அகற்றப்படும் மேற்பகுதியிலேயே சுரப்பதால், வயிறு சிறுப்பதோடு பசியும் வெகுவாக அடங்கிவிடுகிறது.

முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால் போன்றவை, அதன் பின் மசித்தவை, பின்னர் மென்மையானவை என்று படிப்படியாக ஏறி, சாதாரண உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லும். ராத்தா இவற்றையெல்லாம் பொறுமையாகக் கடந்தார். சோறு பீங்கானுக்கு வந்த அன்றுதான் பிரச்சினை தொடங்கியது.

உம்மாவுக்கு எழுபத்தாறு வயது. "நாலு சோறு தின்னாட்டி புள்ளைக்கி எப்புடித் தெம்பு வரும்?" என்று சொல்லி, இரண்டு மேசைக்கரண்டிச் சோற்றின் மேல் ஓர் அகப்பை போட்டார். உம்மாவின் கையைத் தட்ட ராத்தாவால் முடியவில்லை. ஐந்தாறு வாய் உள்ளே போனதும் நெஞ்சில் கல்லொன்று இறுகியது போலாயிற்று. வாயில் உமிழ்நீர் ஊறி வழிந்தது. கிணற்றடிக்கு ஓடி நுரை நுரையாக வாந்தியெடுத்தார். உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "நான் என்ட புள்ளைக்கி நஞ்சையா போட்டன்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் வாத்தியார். விளக்கிச் சொல்வது என் தொழில். வைத்தியர் எங்களுக்குச் சொன்னவற்றை உம்மாவுக்குப் புரியும்படி மூன்றாகப் பிரித்துச் சொன்னேன்.

முதலாவது, இடம். உடல் வேகமாக மெலியும் காலத்தில் தசை கரையாமல் இருக்க நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் அளவில் புரதம் வேண்டும். அந்தக் குழாய் சில வாய் உணவிலேயே நிறைந்துவிடும். அதைச் சோறு பிடித்துக்கொண்டால் மீனுக்கும் முட்டைக்கும் இடமில்லை. இரண்டாவது, தன்மை. குழைந்த சோறும் புதுப் பாணும் நன்றாக மெல்லப்படாமல் உள்ளே போனால் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகி, ஒடுங்கிய வழியில் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, சீனி. மாப்பொருள் என்பது குளுக்கோசு கோத்த சங்கிலி. சிறுத்த இரைப்பையிலிருந்து அது விரைவாகக் குடலுக்குப் போனால் இரத்தத்தில் சீனி சட்டென ஏறும். அதற்கு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் சீனி கீழே விழுந்துவிடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று எல்லாம் வரும். குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் முறையில் இது கூடுதல். ராத்தாவுக்குச் செய்த முறையிலும் வரக்கூடும்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப சோத்துல பிழையில்ல. இடந்தான் இல்ல. முதல்ல மீனுக்கு இடம் குடுப்பம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பரிமாறும் ஒழுங்கு மாறியது. முதலில் மீன் அல்லது முட்டை, பிறகு மரக்கறி, கடைசியில் தேநீர்ப் பீரிசு ஒன்றில் இரண்டு மேசைக்கரண்டிச் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை. அரை மணித்தியாலம் கழித்துத்தான். அகப்பையோடு நின்ற உம்மா இப்போது ராத்தாவின் பக்கத்தில் அமர்ந்து மீனுக்கு முள் எடுக்கிறார்.

ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மென்று விழுங்கச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ராத்தா வியப்போடு கேட்டார்: "தம்பி, சோறு இவ்வளவு இனிப்பா?" வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டும் பரிசோதனை இதுதான். சோற்றில் அயடீன் துளியை விட்டால் கருநீலமாகும். அதே சோற்றை நெடுநேரம் மென்றால் உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக உடைக்கத் தொடங்கும், நாக்கு இனிக்கும். ஐம்பது வருடம் சோறு தின்ற ராத்தா அதன் ருசியை இரண்டு கரண்டியில் கண்டுகொண்டார்.

ஆனால் சோற்றைவிடப் பொல்லாதது பிஸ்கட் என்பது பின்னர்தான் விளங்கியது. சோறு அடைத்து எச்சரிக்கும். தேநீரில் தோய்த்த பிஸ்கட்டோ கூழாகி வழுக்கிப் போய்விடும், வயிறு நிறைந்தது தெரியாது. ஒரு வருடம் கழிந்து பசி மெல்லத் திரும்பும் காலத்தில், குறைந்த எடை மீண்டும் ஏறுவதற்கு இதுவும் ஒரு வழி. எம்மவர் வீடுகளில் தேநீரோடு பிஸ்கட் வைக்காவிட்டால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தமல்லவா?

மனிதரின் பேச்சுத்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. உறவினர் வீட்டில் குவித்து வைத்த பீங்கானில் ராத்தா நான்கு வாய் தின்று கையெடுத்தால், "எங்கட சோறு புடிக்கல்லையா?" என்பார்கள். சிலர் பின்னால், "காசு குடுத்து வயித்த வெட்டினவ" என்பார்கள். சொந்த மைத்துனி ஒருவர் மூன்று மாதம் பேசாமலிருந்தார். உடம்பு இலேசாகி, சீனி மாத்திரை குறைந்து, முழங்கால் நோவின்றி நடக்க முடிந்த காலத்தில், ராத்தா எங்கும் போகாமல் வீட்டுக்குள் அடைந்துகொண்டார்.

சாச்சியின் பேத்தி கலியாணத்தைத் தட்ட முடியவில்லை. சஹனில் அமரவேண்டுமே என்று இரவெல்லாம் பயந்தார். ஐந்து பெண்கள் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்தார்கள். பக்கத்திலிருந்த மச்சி இறைச்சித் துண்டுகளை ராத்தாவின் பக்கமாகத் தள்ளிவிட்டுத் தன் பாட்டில் தின்றார். ராத்தா இறைச்சியைப் பிய்த்து மென்று, தன் மூலையிலிருந்து கொஞ்சச் சோறும் எடுத்தார். மற்றவர்கள் முடிக்கும்வரை அவருடைய கையும் சஹனில் இருந்தது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

தனிப் பீங்கானில் மிஞ்சும் சோறு ஆளைக் காட்டிக்கொடுக்கும். எமது முன்னோர் விட்டுச்சென்ற சஹன் அப்படியல்ல. குறையத் தின்பவர், நோயாளி, பல்லில்லாத கிழவி எல்லோருக்கும் அதில் ஒரு மூலை உண்டு. இன்று மண்டபங்களில் சஹன் மறைந்து, தட்டோடு வரிசையில் நிற்கும் வழக்கம் பரவுகிறது. ராத்தா அதை விரும்புவதில்லை. "ஒரு சஹன்ல இருந்தா ஆரு எவ்வளவு தின்டதென்டு ஆருக்குத் தெரியும் தம்பி?" என்கிறார்.