வாந்திக்கும் ஒரு வயரிங் உண்டு

ஆண்டு மலரில் கவிதையும் விடுதிச் சாப்பாட்டுக் கிண்டலும் படித்துக்கொண்டு வரும்போது, 'இவன் எதுக்கு வாந்தியைப் பத்தி எழுதறான்?' என்று முகம் சுளிக்காதீர்கள். வாந்திக்குப் பயந்து, உயிர் காக்கும் சிகிச்சையையே ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை எங்கள் வீட்டில் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். தினமும் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். ஏற்றிய அன்று நன்றாகவே இருப்பார். மூன்றாம் நாள் ஆரம்பித்துவிடும். ரசம் தாளிக்கிற வாசனைகூட ஆகாது. இரண்டாவது தடவைக்குப் பிறகு, "போதும்டா. என் உடம்பு இந்த மருந்தை ஏத்துக்கலை. இனிமே நான் வரலை" என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர்களோ, "எல்லாம் பயம்தான், மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்றார்கள். உண்மை இந்த இரண்டிலுமே இல்லை.

இந்த சிஸ்பிளாட்டினுக்கும் நம் லேபுக்கும் ஒரு சொந்தம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியா வளரும் கரைசலில் பிளாட்டினம் எலக்ட்ரோடு வைத்து மின்சாரம் செலுத்திப் பார்த்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல்போல நீண்டன. காரணம் மின்சாரம் அல்ல. எலக்ட்ரோடிலிருந்து கரைந்து உருவான பிளாட்டினச் சேர்மம்! 1965-ல் வெளியான இந்த ஆய்விலிருந்து வந்த மருந்து, 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் தடுப்பு மருந்து இல்லாமல் இதைக் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாந்தி வரும்.

ஏன் வருகிறது? இங்கேதான் செரோடோனின் வருகிறது. மூளையோடும் மனநிலையோடும் சேர்த்தே இதன் பெயரைக் கேட்டிருப்போம். ஆனால் உடம்பிலுள்ள செரோடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் இருப்பது குடலில். இத்தாலியின் எர்ஸ்பாமர் 1930-களில் இதைக் குடலிலிருந்து பிரித்து 'என்டெரமின்' என்று பெயர் வைத்தார். 1948-ல் அமெரிக்காவில் மூவர் இரத்தத்திலிருந்து பிரித்து 'செரோடோனின்' என்றார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1952-ல்தான் தெளிவானது.

தீ எச்சரிக்கை அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குடல் சுவரிலுள்ள சில செல்கள்தான் டிடெக்டர். சிஸ்பிளாட்டின் தாக்கியதும் அவை செரோடோனினைக் கொட்டுகின்றன. அது பக்கத்திலிருக்கும் வேகஸ் நரம்பின் முனையில், பூட்டில் சாவி நுழைவதுபோல நுழைகிறது. வேகஸ்தான் வயர். சிக்னல் மூளைத்தண்டு என்ற கண்ட்ரோல் பேனலுக்குப் போகிறது. 'வயித்துல விஷம், வெளியே தள்ளு' என்று உத்தரவு வருகிறது. கெட்டுப்போன சாப்பாட்டிலிருந்து நம்மைக் காப்பாற்ற உள்ள ஏற்பாடுதான் இது. பாவம், நரம்பில் ஏற்றிய மருந்தென்று அதற்குத் தெரியாது.

1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்டன்செட்ரான், அந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துவிடுகிறது. சாவி வந்தாலும் நுழைய இடமில்லை. நம் ஊரில் குழந்தைகளின் வாந்திக்கும் டாக்டர்கள் எழுதித் தருவது இதைத்தான்.

சரி, பெரியம்மாவுக்கும் அதைக் கொடுத்தார்களே, பிறகு ஏன் வாந்தி? முதல் 24 மணி நேரத்தில்தான் செரோடோனின் ராஜ்யம். அதற்கப்புறம் வருவதற்கு முக்கியக் காரணம் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற இன்னொரு பொருள். அதற்குப் பூட்டு வேறு. அதை அடைக்கும் அப்ரெபிடன்ட் 2003-ல் அனுமதி பெற்றது.

பெரியம்மா மூன்றாம் நாள் கதையை டாக்டரிடம் சொல்லவே இல்லை. "புத்துநோய்னா இதெல்லாம் தாங்கித்தானே ஆகணும்" என்பது அவர் எண்ணம். நான் ஒரு அப்சர்வேஷன் நோட்டில் நம் லேப் பாணியில் கோடு போட்டு, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை தடவை என்று எழுதிக் கொண்டுபோனேன். டாக்டர் அதைப் பார்த்த உடனே, அப்ரெபிடன்டும் அடுத்த நாட்களுக்கு வேறு மாத்திரையும் சேர்த்தார். குமட்டல் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் மோரும் கஞ்சியும் உள்ளே தங்கின. மீதி மூன்று தடவையும் பெரியம்மாவே முதலில் கிளம்பி நின்றார்.

நண்பர்களே, வாந்தி வருவது மருந்து ஒத்துக்கொள்ளாததற்கு அடையாளம் அல்ல. மனசு பலவீனம் என்பதற்கும் அல்ல. அது ஒரு சிக்னல். எந்த வயரில் வருகிறது என்று தெரிந்தால் நிறுத்த வழியும் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படித் தவித்தால், தைரியம் சொல்வதோடு நிற்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எழுதியதை டாக்டரிடம் காட்டுங்கள். ரீடிங் எடுக்கத்தான் நமக்கு மூன்று வருஷமாகச் சொல்லித் தருகிறார்களே!