நாமினி பெயர் என்ன?

திங்கள், ஆம்பூர்

மாதனூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஷூ கம்பெனி பஸ்கள் வந்து கேட்டில் நிற்கின்றன. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. இவர்களில் ஒருவர் நாளைக்கே இறந்துபோனால் வீட்டுக்கு என்ன வரும்? காலை நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று யாரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் சட்டத்திடம் இதற்குப் பதில் இருக்கிறது, அதுவும் மோசமான பதில் அல்ல.

முதலில் பி.எஃப். இருப்புத் தொகை. அதோடு இ.டி.எல்.ஐ. என்கிற காப்பீடு. 2021-இல் உயர்த்தப்பட்டபடி, தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு இதில் குறைந்தது ரூ.2.5 லட்சம், அதிகபட்சம் ரூ.7 லட்சம். இதற்குத் தொழிலாளி சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே ஒரு மாதம் பென்ஷன் திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும், வேலையில் இருக்கும்போது இறந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மாதப் பென்ஷன் உண்டு. கிராஜுவிட்டி வாங்க ஐந்து வருட சர்வீஸ் வேண்டும் என்பார்களே, அந்த நிபந்தனை மரணத்துக்குக் கிடையாது.

இவ்வளவும் யாருக்குப் போகும் என்பதில்தான் சிக்கல். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பெண் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். பி.எஃப். விதிப்படி, கல்யாணமானதும் பழைய நாமினேஷன் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகையைக் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுக்கிறவர்கள், இந்த ஒரு படிவத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

செவ்வாய், ராணிப்பேட்டை

2015 ஜனவரி 31. சிப்காட் வளாகத்தில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

தூக்கத்தில் இருந்தவர்களுக்கு யாரிடமும் எதையும் சொல்லிவிட்டுப் போக நேரமில்லை. இப்படிப்பட்ட மரணத்தில், இறந்தவர் யார், மனைவி யார், ஊர் எது என்பதை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஒரு குடும்பம் காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கும். மொழி வேறு, தாலுகா வேறு, மாநிலம் வேறு. பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் லாட்ஜ் போர்டும் சாப்பாட்டுக் கடை போர்டும் தொங்குகின்றன. நோயாளியாக வருகிற வங்காளிக்கு வேலூர் அவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. கூலிக்கு வருகிற வங்காளியின் பெயரும் வீட்டு விலாசமும் மேஸ்திரியின் செல்போனைத் தாண்டி எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. ஈ.எஸ்.ஐ. இருந்தால், வேலையால் நேர்ந்த மரணத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவுக்கு மாதாமாதம் குடும்பத்துக்கு வரும். பதிவே இல்லையென்றால் கோர்ட்டும் கருணையும்தான்.

புதன், தாலுகா அலுவலகம்

வாரிசுச் சான்றிதழுக்கு இப்போது இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, தாசில்தார் தருவார். தாமதத்துக்கு எல்லோரும் அலுவலகத்தையே திட்டுகிறார்கள். பாதித் தாமதம் பெயரில் இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால், பேங்க் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. முகமது, முஹம்மது, முகம்மத் என்று ஒரே ஆள் மூன்று அட்டைகளில் மூன்று ஆளாக இருப்பார். உயிரோடு இருப்பவர் இதை ஒரு மனு போட்டுத் திருத்திவிடலாம். இறந்தவருக்காக மனைவி நோட்டரியிடம் போய் ‘இருவரும் ஒருவரே’ என்று பிரமாணம் எழுதி வாங்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். நல்ல மாற்றம். ஆனால் நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியில்லை. வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்தான் நாமினி என்று 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிப் பணத்துக்குப் பழைய கதைதான். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. மாமியார், மருமகள் சண்டைகள் பலவற்றுக்கு இதுதான் ஊற்றுக்கண்.

வெள்ளி, வாணியம்பாடி

ஜும்ஆ முடிந்து கடைத்தெருவில் கூட்டம் கலைகிறது. இங்கே கணக்கு வேறு. முஸ்லிம் சட்டப்படி முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன். மனைவிக்குத் தராமல் நிலுவையில் இருக்கும் மஹர் என்கிற மணக்கொடையும் கடன்தான். அதன் பிறகு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் என்கிற உயில். மிச்சம் வாரிசுகளுக்கு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப் போல இரண்டு மடங்கு. பங்கு எல்லாம் வரையறுத்ததாயிற்றே, பிறகு எதற்கு எழுதி வைப்பது என்று கேட்பார்கள். பங்கு தெரியும், பங்கு போட வேண்டிய சொத்து எது, கடன் எவ்வளவு என்பது யாருக்குத் தெரியும்?

தோல் வியாபாரம் வாய்ச்சொல்லில் ஓடுகிறது. சென்னை பெரியமேட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி, ஈரோட்டில் இருந்து வந்த பச்சைத் தோலுக்கு எவ்வளவு கொடுத்தாயிற்று என்பதெல்லாம் பல பாய்மார்களின் தலைக்குள்தான் இருக்கிறது. அண்ணன் தம்பி பங்காளிகளாக நடத்தும் டேனரியில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்த அன்றே கூட்டு நிறுவனம் கலைந்ததாகிவிடும் என்கிறது 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டம். பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க வக்கீலுக்கு அரை மணி நேரம் போதும்.

சனி, கிராமத்துத் திண்ணை

கம்பெனிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஆம்பூரைச் சுற்றி நிறைய. ஜோடிக் கணக்கில் கூலி. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. திங்கள்கிழமை சொன்ன எதுவும் இவர்களுக்கு இல்லை. இவர்கள் தைத்த ஷூ ஐரோப்பாவில் விற்கிறது என்பதை நினைத்தால் கோபம்தான் வரும்.

இருக்கிற வழிகளில் ஒன்று, வங்கி மூலம் சேரக்கூடிய மத்திய அரசின் இரண்டு காப்பீடுகள். வருடம் ரூ.436-க்கு ஆயுள் காப்பீடு, ரூ.20-க்கு விபத்துக் காப்பீடு; ஒவ்வொன்றிலும் ரூ.2 லட்சம். மே மாதக் கடைசியில் பணம் தானாகப் பிடிக்கப்படும். அப்போது கணக்கில் ரூ.456 இல்லாவிட்டால் காப்பு நின்றுபோகும். சேர்ந்த சமாச்சாரத்தை வீட்டில் சொல்லவில்லை என்றால், பணம் வரவேண்டியிருப்பதே வீட்டுக்குத் தெரியாது.

ஞாயிறு

அநேகமாக எல்லா வீட்டு பீரோவிலும் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். அதற்குள் லேமினேட் செய்த ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பாண்டு, மடித்து மடித்துக் கிழிந்த வீட்டுப் பத்திர நகல், நகை அடகுச் சீட்டு, மகளிர் குழுக் கடன் அட்டை. அடகுச் சீட்டின் தேதியைப் பார்த்து வையுங்கள். மீட்காத நகை ஏலத்துக்குப் போகும். கடன்காரர் வந்து மிரட்டினால், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு என்பதும் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் செல்லும்.

கம்பெனி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்கிறீர்கள், ரம்ஜானுக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். அடுத்த சம்பள நாளில் கேன்டீன் வாசலில் ஒரு மேஜை போட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். குடும்பத்தாரின் ஆதாரும் போட்டோவும் கொண்டுவரச் சொன்னால், ஒவ்வொருவருக்கும் பி.எஃப். இ-நாமினேஷனை அங்கேயே முடித்துவிடலாம். மேஸ்திரி கூட்டி வந்த ஆட்களையும் வரிசையில் நிறுத்துங்கள்.