துணை நின்றால் குரல் வரும்

பேசத் தயங்கும் பிள்ளையை அதட்டிப் பேச வைக்க முடியாது. இதை எனக்கு உறைக்கும்படி சொல்லிக்கொடுத்தது, நான் ஆய்வகத்தில் பழகிய ரோடியம் என்ற உலோகம்.

அசிட்டிக் அமிலம் முதல் மருந்துகள் வரை பலவற்றின் தயாரிப்பில் ரோடியம் சேர்மங்கள் வினையூக்கிகளாகப் பயன்பட்டிருக்கின்றன. கரைசலில் அந்த அணு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சமிக்ஞையைக் கேட்கும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை நல்ல வழி. ஆனால் ரோடியம் கருவின் காந்தத்தன்மை மிகக் குறைவு. 9.4 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜன் கரு 400 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். ரோடியத்துக்கோ சுமார் 12.6 மெகாஹெர்ட்ஸ்தான். அதன் உணர்திறன் ஹைட்ரஜனுடையதில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு.

திரும்பத் திரும்ப அளந்து கூட்டினால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் சமிக்ஞையோடு இரைச்சலும் கூடுவதால், தெளிவு இரண்டு மடங்காக நேரம் நான்கு மடங்காகும். ஓர் இரவில் தெளியாததற்கு நான்கு இரவுகள் காத்திருக்க வேண்டும்.

1979-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ், ஃப்ரீமன் என்ற ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். பிணைப்பின் வழியே தொடர்புள்ள ஹைட்ரஜன் தன் காந்த வலுவை நலிந்த கருவுக்குக் கடனாகக் கொடுக்கும்படி ரேடியோ துடிப்புகளை அடுக்கினார்கள். அதே ஆண்டு முல்லர் என்ற ஆய்வாளர், நலிந்த கருவின் செய்தியை ஹைட்ரஜன் வழியாகவே கேட்கும் முறையைத் தந்தார். வலுவைக் கொடுப்பதும் செய்தியை வாங்குவதும் ஹைட்ரஜனே என்றானால், ரோடியத்தை நேராகக் கேட்பதைவிட ஐயாயிரம் மடங்குக்கு மேல் ஆதாயம் என்பது கணக்கு.

இதில் நான் பெரிதாக மதிப்பது, துடிப்புகளுக்கு நடுவே விடும் இடைவெளியை. இரண்டு கருக்களுக்கும் இடையிலான இணைவு 20 ஹெர்ட்ஸ் என்றால் 25 மில்லிவிநாடி காத்திருந்தால் போதும். அது வெறும் 2 ஹெர்ட்ஸ் என்றால் 250 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். உறவு மெலிதாக இருந்தால் பொறுமை நீள வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிக் காத்திருந்தால் கொடுத்த வலுவும் கரைந்துபோகும். இணைவே இல்லாத இடத்தில் எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை.

இளையவர்களே, உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் வாய் திறக்காத ஒருவர் இருப்பார். அவரிடம் கேள்விகளை அடுக்காதீர்கள். அவர் நம்புகிற ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அந்த உறவுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். அப்படி யாருமே இல்லையென்றால், முதலில் நீங்களே அந்த நம்பிக்கைக்கு உரியவராகுங்கள்.