ஆடிக் காத்துக்கு ஒரு கடிவாளம்!

சேலம், நாமக்கல் பார்ட்டியா நீங்க? ஆடிக் காத்தில் அம்மி பறக்குதோ இல்லையோ, ராமேஸ்வரத்தில் ஆளே பறக்கிறாங்க. கைட் சர்ஃபிங்! மதுரை வழியா பஸ் பிடிச்சா போயிடலாம்.

சூட்சுமம் எல்லாம் கையில் பிடிக்கிற 'பார்'லதான். நாலு கயிறு, ஒவ்வொண்ணும் சுமார் 20 மீட்டர். நடு ரெண்டும் இடுப்புப் பட்டையோட சேர்ந்து இழுவையைத் தாங்கும். ஓரத்து ரெண்டும் பட்டத்தைத் திருப்பும். பாரை உங்க பக்கம் இழுத்தா வேகம் கூடும், தள்ளினா குறையும். வில்லங்கமே இதுதான்: பயந்தா கை தானா இறுக்கிப் பிடிச்சு இழுக்கும். பட்டம் இன்னும் வெறியோட தூக்கும்! அதனால புது பார் கைக்கு வந்தா, பறக்கவிடுறதுக்கு முன்னாடி கரையில் நின்னு சேஃப்டி ரிலீஸை நாலு தடவை இழுத்து விட்டுப் பாருங்க. கண்ணை மூடினாலும் கை அங்கே போகணும்.

'நம்ம ஊர் வறண்ட ஏரி போதாதா?' பழக மட்டும் போதும், ரெண்டு கயிறு டிரெய்னர் பட்டத்தோட. அதில் வேகம் குறைக்கிற வித்தை கிடையாது, திருப்பக் கத்துக்கலாம். ஆனா மலை, மரம் தடுத்து விட்டு விட்டு அடிக்கிற காத்து நம்மூரில். ஹைடென்ஷன் கம்பி தெரியுற இடத்தில் பட்டத்தைப் பையை விட்டே எடுக்காதீங்க.

ராமேஸ்வரத்துக்கு தென்மேற்குக் காத்து அடிக்கிற ஜூன், ஜூலையில் போங்க. நீச்சல் தெரியுமில்ல?