அத்தோ வண்டியும் பெல்ஜியத்து வயிறும்

பெல்ஜியத்திலிருந்து வந்த தோழிக்கு அவர் ஊர் மருத்துவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடு; பச்சைக் காய், ஐஸ், குழாய்த் தண்ணீர் பக்கம் போகாதே. காரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளைக்காரர் என்றாலே மிளகாயைக் குறைக்கச் சொல்லிப் பழகிய கோவைக்காரன் நான். வடசென்னை என்றால் எனக்கே உள்ளூர ஒரு தயக்கம் இருந்தது வேறு கதை.

வடசென்னையின் ராயபுரத்தில் ஒரு மாலை, பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டி முன் நின்றோம். மருத்துவர் விலக்கியதில் பாதி அந்தக் கிண்ணத்தில் இருந்தது. சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், ஆறிப்போன ஆரஞ்சு நூடுல்ஸ், புளித்தண்ணீர். பொரித்த பூண்டும் மிளகாய்த்தூளும் தூவி, மொறுமொறுவெனப் பொரித்த பேஜோவை நொறுக்கிப் போட்டு, கடைக்காரர் வெறுங்கையால் பிசைந்தார். ருசியே அந்தப் பிசைதலில்தான். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடையும் தொழிலும் பறிபோய்க் கப்பலேறிய பர்மா தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். இறங்கிய துறைமுகத்தை ஒட்டியே பலர் பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள்.

தோழி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லையா என்று ஆங்கிலத்தில் என்னிடம் முணுமுணுத்தது கடைக்காரருக்கே புரிந்துவிட்டது. வசவு எனக்குத்தான். "அவங்களுக்குப் பச்சை ஆவாதுன்னா சொல்ல வேணாமாபா? இட்டாந்து நிக்க வச்சிக்கினு!" பிசைந்த கிண்ணத்தையும் புளித்தண்ணீரையும் ஒதுக்கிவிட்டு, அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயத்தைக் கரண்டியாலேயே திணித்தார். அடுப்பில் தளதளத்த வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக் கொடுத்தார். மிளகாய்த்தூளை மட்டும் குறைக்கவில்லை. தோழிக்கு மூக்கு ஒழுகியது. இன்னொரு சூப் கேட்டார். ஒதுக்கிய அத்தோ என் பங்குக்கு வந்தது.

பார்சலுக்கு நின்ற எண்ணூர் அம்மா ஒருவர் சிரித்தார். "கிருமின்னா கொதிச்சா சாவும். எங்க ஆத்து எறாவுல ஏறுன எண்ணெ வாடை எப்படிப் போவும்?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை படர்ந்தது. இறால் பிடித்தே பிழைத்தவர்களின் இறாலை அப்போது வாங்க ஆளில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் அதற்கும் முந்தைய கதை. மருத்துவரின் குறிப்பில் இதற்கு மருந்து கிடையாது.

மறுநாள் காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தோழி புதுக் கேள்வியோடு வந்திருந்தார். விலை கேட்கவில்லை, காரம் கேட்கவில்லை. இந்த மீன் எங்கே பிடித்தது என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். மீன்கார அக்கா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"நல்லா பாரு, ரத்தமா கீது. ஆழக்கடல் மீனு. வாங்குறியா, இல்ல வெள்ளைக்காரம்மாவுக்குப் பாடம் எடுக்கிறியா?"

வாங்கினோம். பேரம் பேச வாய் வரவில்லை.