விற்ற சரக்கு

2017-இல் நான் ஒரு வியாபாரம் பார்த்தேன், பயிற்சி வியாபாரம். கோயம்புத்தூர் பீளமேட்டில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, "தொழிற்பழகுநர் பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முதலாளிகளைக் கேட்பேன். தலைக்கு இவ்வளவு என்று எனக்குக் கமிஷன்.

"ஏனுங்க தம்பி, நாம சொல்லிக் குடுப்போம். கத்துக்கிட்டதும் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருவானே?" என்றார் ஒரு பெரியவர்.

பதில் என் பையிலேயே இருந்தது. உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, சர்க்கார் திருப்பித் தரும்; 2016-இல் வந்த திட்டம் அது. 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி பையன் தொழிலாளி அல்ல, பயிலுகிறவன். பெரியவர் கணக்குப் போட்டார். இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். ஒருவன் இரும்புச் சுருளைக் கூட்டிக்கொண்டிருந்தான். மற்றவன் டீ வாங்கப் போயிருந்தான்.

"நானும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சேன்" என்றார் பெரியவர். பொய்யில்லை. ஆனால் 'பயிலுகிறவன்' என்ற சொல்லை, குறைந்த கூலிக்கு வழியென்று அவருக்குக் காட்டியவன் நான்தானே?

வாசலில் பையன் கேட்டான்: "சார், லேத்தை எப்போ தொடவிடுவாங்க?"

"சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இன்று பொய்க் கதைகள் எழுதித்தான் காசு வாங்குகிறேன், அது உறுத்துவதில்லை. அந்த ஒரு சொல்தான் உறுத்துகிறது.